மிளகாய்க் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்: பைலகுப்பேயில் திபெத்தியச் சாப்பாடு

பைலகுப்பேயில் ஒரு திபெத்தியச் சாப்பாட்டுக் கடைக்குள் முதன்முறையாக நுழைகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேசைமேல் இருக்கும் சிவப்புக் கிண்ணத்தை முதல் நாலைந்து வாய்க்குத் தொடாதீர்கள். காய்ந்த மிளகாயையும் பூண்டையும் சேர்த்து அரைத்த காரத் தொக்கு அது. செபென் என்பார்கள். நமக்கு உறைப்பைக் கண்டால் கை தானாகப் போகும். போன வேகத்தில் தொக்கை அள்ளிச் சூப்பில் கலந்துவிட்டால், அதன்பின் நீங்கள் சாப்பிடுவது செபென் மட்டும்தான். தொடாமல் சாப்பிட்டால் முதல் இரண்டு வாய் சப்பென்று இருக்கும். மூன்றாவது, நான்காவது வாயில் எலும்புச் சாற்றின் லேசான இனிப்பும், வெந்த மாவின் மணமும், முள்ளங்கியின் நெடியும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். உறைப்பு அதற்கப்புறம், உங்களுக்கு வேண்டிய அளவு.

இந்தச் சமையலின் அமைப்பே அப்படி. அடுப்பில் உப்பும் கொழுப்பும் சூடும்தான். காரம் சாப்பிடுகிறவர் கையில். அதே பானையிலிருந்து பல் போன பாட்டியும் சாப்பிடலாம், பள்ளிக்கூடப் பையனும் சாப்பிடலாம். அம்மா, அக்கா, மச்சான் என்று குடும்பமாகப் போயிருந்த எங்களுக்கு அது எவ்வளவு வசதி என்பது அன்றைக்கே புரிந்தது.

மைசூரிலிருந்து மடிக்கேரி போகும் சாலையில், ஹுன்சூர், பெரியபட்டணா தாண்டி, குசால்நகருக்குச் சற்று முன்னால் இருக்கிறது பைலகுப்பே, திபெத்திய அகதிகள் குடியேறிய ஊர். சத்தியமங்கலத்திலிருந்து வருகிறவர்களுக்குத் திம்பம் ஏறி, சாம்ராஜ்நகர், மைசூர் வழி. திம்பம் காட்டுச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு என்பதால் திரும்பும் நேரத்தை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். குடகுக்குப் போகும் சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் இங்கே நிற்கும். பெனோர் ரின்போச்சே என்ற திபெத்தியக் குரு 1963-இல் தொடங்கிய நம்த்ரோலிங் மடாலயத்தின் பொற்கோயிலைப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், கிளம்பிவிடுவார்கள். பசித்தால் கோயில் வாசலுக்கு எதிரே ஃப்ரைட் ரைஸும் சைனீஸ் நூடுல்ஸும். அங்கே திபெத்தியச் சாப்பாடும் கிடைக்கும்தான். ஆனால் ஆட்டோ பிடித்து உள்ளே முகாம்கள் எனப்படும் திபெத்தியர் குடியிருப்புகளுக்குப் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனால், வீட்டின் முன்னறையையே கடையாக்கி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். துக்பா என்பது நூடுல்ஸ் போட்ட சூப். ஆட்டோக்காரரிடம் "நீங்க துக்பா எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். எங்களுக்குக் கடை கிடைத்தது அப்படித்தான்.

இந்த ஊர் இங்கே எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு சாப்பிட்டால் தட்டில் இருப்பது வேறு மாதிரித் தெரியும். 1959 மார்ச்சில் தலாய் லாமா லாசாவை விட்டு வெளியேறினார். பின்னாலேயே பல்லாயிரம் பேர் பனிமலை தாண்டி நடந்து வந்தார்கள். பலர் முதலில் இமயமலைப் பக்கம் சாலை போடும் கூலிகளாக இருந்தார்கள். இந்தியா அவர்களுக்கு நிலையாக ஓர் இடம் தேடியபோது, அன்றைய மைசூர் மாநில அரசு இந்தக் காட்டுப் பகுதியில் சுமார் 3,000 ஏக்கரைக் கொடுத்தது. 1960-இல் குடியேற்றம் தொடங்கியது. யாக் என்ற சடைமாடு மேய்த்தவர்களும் பார்லி விதைத்தவர்களும், கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் கீழே, யானை நடமாடும் காட்டை வெட்டித் திருத்தி மக்காச்சோளம் போட்டார்கள். வழிநெடுக நீங்கள் பார்க்கும் சோளக்கொல்லைகள் அவர்கள் திருத்திய மண்.

நாங்கள் போன கடையில் நாலு மேசை. ஒன்றில் செந்நிற அங்கி போட்ட இளம் துறவிகள் மூன்று பேர் குனிந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மாவுக்கு அறுபதை ஒட்டி வயசிருக்கும். வண்ணக் கோடுகள் போட்ட முன்பக்கத் துணியை இடுப்பில் கட்டியிருந்தார். மச்சான் இந்தியில் ஆரம்பித்தார். அதற்குள் எங்கள் அம்மா தாளவாடிப் பக்கத்துக் கன்னடத்தில், "ஊட்டக்கே ஏனு இதெ?" என்று கேட்டுவிட்டார். அந்தம்மா முகம் மலர்ந்து சுத்தமான கன்னடத்தில் பதில் சொன்னார். பைலகுப்பேயிலேயே பிறந்தவராம். அதிலிருந்து மேசையின் பொறுப்பு முழுக்க அம்மா கைக்குப் போய்விட்டது. வயதில் மூத்த பெண்களை 'அமா-லா' என்று கூப்பிடுவது இங்கே மரியாதை. அதை முதலில் பிடித்துக்கொண்டதும் அம்மாதான்.

அம்மா கறி சாப்பிடமாட்டார். அதனால் முதல் கேள்வி சூப்பைப் பற்றி. இது சைவக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. 'வெஜ் துக்பா' என்று அட்டையில் போட்டிருந்தாலும், காய்கறி மட்டும் வேறாகவும் அடிச்சாறு எலும்பில் காய்ச்சியதாகவும் இருக்கக்கூடும். "காய் போட்டதா" என்று கேட்டால் போதாது. "தண்ணி எதுல கொதிச்சது" என்று கேட்க வேண்டும். அமா-லா கோபிக்காமல், சைவத்துக்குத் தனிப் பானை இருப்பதாகச் சொல்லி அடுப்பங்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார். எல்லாக் கடையிலும் தனிப் பானை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இல்லாவிட்டால் கவலையில்லை. ஷோகோ கட்ஸா என்ற உருளைக்கிழங்குப் பொரியலும், திங்மோ என்ற ஆவியில் வெந்த மடிப்பு ரொட்டியும் இருந்தால் வயிறு நிறைந்துவிடும். அம்மா அன்றைக்கு மிகவும் ரசித்ததும் அதைத்தான். திங்மோவைப் பிய்த்தால் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வரும். உருளைக்கிழங்கில் நாக்கு லேசாக மரத்துப்போகிற ஒரு மணம். கொங்கணிக் கரையில் மீன் குழம்புக்குப் போடும் திர்ஃபல் இருக்கிறதே, அதன் குடும்பத்தைச் சேர்ந்த மிளகு. எம்மா என்கிறார்கள்.

கறி சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு: எந்தக் கறி? திபெத்தியச் சமையலில் வெறுமனே 'கறி' என்றால் பெரும்பாலும் மாட்டு இனம்தான். ஆட்டுக்கறியும் கோழியும் கிடைக்கும். சில இடங்களில் பன்றியும் இருக்கும். கேட்டால் நேராகச் சொல்வார்கள். கேட்காமல் வாங்கிவிட்டுப் பிறகு முகம் சுளிப்பது சமைத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

துறவிகள் மேசைக்குக் கறி மோமோ போனதைப் பார்த்து அம்மா என் காதில், "ஏங்கண்ணு, சாமியாருங்க கறி திங்கறாங்களா?" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திபெத்தின் மேட்டுநிலத்தில் காய்கறி விளையும் காலம் மிகக் குறைவு. மேய்ச்சல் நிலம்தான் அதிகம். கறி இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம். அந்தக் கட்டாயத்துக்குள்ளும் அவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: ஒரு யாக் செத்தால் பல குடும்பம் பல நாள் சாப்பிடும். மீனும் கோழியும் என்றால் ஒரு வேளைக்கே பல உயிர் போகும். அதனால் பழைய தலைமுறையினர் பலர் மீனைத் தொடமாட்டார்கள். இந்தியா வந்தபின் காய்கறிக்குப் பஞ்சம் இல்லை என்பதால் அந்தக் கணக்கும் மாறிவருகிறது. திபெத்திய பௌத்தப் பிரிவுகளில் ஒன்றான கக்யு மரபின் மூத்த குரு, 17-வது கர்மபா ஒக்யென் த்ரின்லே தோர்ஜே 2007-இல் புத்தகயாவில், தம் மரபு மடாலயங்களின் சமையற்கூடத்தில் இனி இறைச்சி கூடாது என்று அறிவித்தார். அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சூழ்நிலைக்குத் தக்கன கணக்குப் போட்டிருக்காங்க, நாமதான் ஒண்ணும் போடாம திங்கறோம்" என்று மச்சான் தட்டைப் பார்த்தார். மச்சான் பேசவில்லை. அவர் தட்டில் ஷப்தா இருந்தது. மெல்லிய தகடாக அரிந்த கறியை இஞ்சி, பூண்டு, வெங்காயம் போட்டு அதிக சூட்டில் சட்டென்று புரட்டிய வறுவல். அதன் குழம்பைத் திங்மோவில் ஒற்றி எடுத்துச் சாப்பிட வேண்டும். தனியாகச் சாப்பிட்டால் உப்பு தூக்கலாகத் தெரியும்.

நான் எனக்குக் கொண்டுவரச் சொன்னது தெந்துக். முதல்முறை போகிறவர்கள் துக்பாவைவிட இதைக் கேளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. துக்பாவில் நூடுல்ஸ் முன்பே செய்து வைத்ததாக இருக்கக்கூடும். தெந்துக்கில் அப்படி முடியாது. பிசைந்த கோதுமை மாவைப் பட்டையாக நீட்டி, இடது மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, வலது கையால் கட்டைவிரல் அகலத்துக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொதிக்கிற சாற்றில் வீசுவார்கள். அடுப்பங்கரைக் கதவு திறந்திருந்ததால் முழுசாகப் பார்த்தேன். அமா-லா பார்வை எங்களிடம், பேச்சு அம்மாவிடம், கை மட்டும் பானையோடு. ஒரு துண்டுகூடத் தவறி வெளியே விழவில்லை. இதற்கு நேரம் ஆகும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்புகிற திட்டத்தோடு போகாதீர்கள். கிண்ணமும் பெரியது. ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்து, அப்புறம் தேவைப்பட்டால் அடுத்ததைச் சொல்வது நல்லது.

மாவை ஏன் இவ்வளவு மெல்லிசாகப் பிய்க்கிறார்கள், கறியை ஏன் தகடாக அரிகிறார்கள் என்று யோசித்தால் அதற்கும் மலைதான் காரணம். லாசா ஏறக்குறைய 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 88 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது. அரிசியும் பருப்பும் அந்தத் தண்ணீரில் லேசில் வேகாது. மரமும் குறைவு, காய்ந்த யாக் சாணம்தான் பல இடங்களில் எரிபொருள். மெல்லிய மாவு, மெல்லிய கறி என்றால் சீக்கிரம் வெந்துவிடும். இதைவிட நல்ல விடை ஒன்றையும் அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் குளிரிலும் விளையும் பார்லியை முதலில் சூடான மணலில் பொரிய வறுத்துவிடுவது. வறுத்து அரைத்த மாவுக்கு அடுப்பே வேண்டாம். அதுதான் த்ஸம்பா. நடைப்பயணத்திலும் மேய்ச்சலிலும் மடாலயத்திலும் நூற்றாண்டுகளாகத் திபெத்தைத் தாங்கிய சோறு அது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. உணவகத்தின் விலைப்பட்டியலில் த்ஸம்பா பெரும்பாலும் இருப்பதில்லை. மோமோவும் துக்பாவும் எங்கும் இருக்கும். கறியும் கோதுமை மாவும் தாராளமாகக் கிடைத்த நாட்களுக்கான சாப்பாடு அவை. அன்றாடச் சோறு எது என்பது தெரியாமலேயே நாம் 'திபெத்தியச் சாப்பாடு சாப்பிட்டேன்' என்று சொல்லிக்கொண்டு வெளியே வருகிறோம். ஆகவே கேளுங்கள். வாய் திறந்து கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

அம்மா கேட்டார். அமா-லா ஒரு நொடி நம்பாத மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். மரக்கிண்ணம் ஒன்றில் அடியில் கொஞ்சம் வெண்ணெய்த் தேநீர், அதன்மேல் மாவு, ஒரு சிட்டிகை காய்ந்த பாலாடைத் தூள். கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, வலது கை விரல்களால் ஓரத்திலிருந்து உள்பக்கமாக அழுத்தி அழுத்திப் பிசைந்தார். மாவு பறக்கவில்லை. சற்று நேரத்தில் உருண்டை திரண்டது. "எங்க அம்மா நடந்து வரும்போது மடியில இதுதான் இருந்துச்சாம். தீர்ற வரைக்கும் நடந்தாங்க" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு ஓர் உருண்டையை அம்மா கையில் வைத்தார். அம்மா அதை வாங்கிய விதத்தில் நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். வாயில் போட்டு மென்றுவிட்டு, "நம்ம சத்துமாவு வறுக்கற வாசமுங்க" என்று தமிழிலேயே அவரிடம் சொன்னார். மணத்தில் அதேதான். ருசியில் உப்பும் வெண்ணெயும் கூடுதல். நீங்கள் பிசைவதாக இருந்தால் தேநீரை முதலில் குறைவாக ஊற்றுங்கள். கூழாகிவிட்டால் உருட்ட வராது. மாவைக் கொட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

வெண்ணெய்த் தேநீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் வருத்தப்படுவது இதில்தான். தேநீர் என்ற நினைப்போடு குடித்தால் நாக்கு சர்க்கரையைத் தேடும், உப்பு வந்து நிற்கும். சூப் வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு குடியுங்கள், சட்டென்று பிடித்துப்போகும். செங்கல் போல அழுத்திய தேயிலையை வெகுநேரம் காய்ச்சி, கறுப்புச் சாறாக்கி, வெண்ணெயும் உப்பும் சேர்த்து நீளமான மரக்குழாயில் கடைவது பழைய முறை. இங்கே இப்போது மிக்ஸியில் அடிப்பதைத்தான் பார்த்தேன். வெண்ணெயும் யாக் இனத்துப் பாலில் எடுத்ததல்ல, நம் பசுவெண்ணெய். வறண்ட குளிரில் உதடு வெடிக்காமலும் உடம்பு தளராமலும் இருக்க அங்கே நாளெல்லாம் இதைக் குடித்தார்கள். பைலகுப்பேயின் மதிய வெயிலில் ஒரு சின்னக் கோப்பையே தாராளம். சூடாக இருக்கும்போதே குடித்துவிடுங்கள். ஆறினால் மேலே கொழுப்பு படியும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தால் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும்: நீங்கள் குடிக்கக் குடிக்க நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கோப்பையை நிறைந்தபடியே விட்டுவிட்டு, கிளம்பும்போது குடித்துவிட்டு எழுந்தால் இருவருக்கும் மரியாதை.

மோமோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் சாலையோரங்களிலேயே வந்துவிட்டது. இரண்டு விஷயம் மட்டும். பொரித்ததைத் தவிர்த்து, ஆவியில் வெந்ததைக் கேளுங்கள். கறி மோமோவாக இருந்தால் ஓரத்தில் சின்னதாகக் கடித்து உள்ளிருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சிவிட்டு மீதியைச் சாப்பிடுங்கள். முழுசாக வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும்.

லாபிங் என்று பாசிப்பயறு மாவுச்சத்தில் செய்யும் வழுக்கலான ஒரு குளிர்ந்த பண்டம் உண்டு. பூண்டுத் தண்ணீர், வினிகர், சோயா, மிளகாய் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். அக்காவுக்கு மிகவும் பிடித்தது. எனக்கு அதன் வழுவழுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. செபெனைத் தள்ளி வைக்கச் சொன்ன நான், இதற்கு மட்டும் காரத்தைக் குறைக்கச் சொல்லவேண்டாம் என்பேன். காரம் இல்லாவிட்டால் அதில் ஒன்றுமே இல்லை. வெறும் வயிற்றில் வேண்டாம்.

எப்போது போவது? மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள். முகாம்கள் சீக்கிரம் அடங்கிவிடும் இடம். இரவு எட்டு மணிக்குப் போய்க் கடை தேடினால் ஏமாற்றம்தான். பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும் லோசார் புத்தாண்டு நாட்களில் பல கடைகள் மூடியிருக்கும். திபெத்திய நாட்காட்டியின் நாலாவது மாதம் சாக தாவா. பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில் வரும். புத்தரின் பிறப்பையும் ஞானம் பெற்றதையும் பரிநிர்வாணத்தையும் நினைக்கும் மாதம் என்பதால் பலர் கறியை விட்டுவிடுவார்கள். கறி ஷப்தாவுக்காகவே போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்க்கலாம். சைவக்காரர்களுக்கு அதுவே நல்ல சமயம். இந்தியர்களுக்கு இங்கே பகலில் வந்துபோக அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை; வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர்களைக் கூட்டிப்போனால், முகாமில் தங்குவதற்கு முன்கூட்டியே வாங்கவேண்டிய அனுமதி ஒன்று உண்டு.

கிளம்பும்போது கடைத்தெருவில் த்ஸம்பா மாவு பொட்டலமாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். நாங்கள் வாங்கி வந்தோம். சுர்ப்பி என்ற காய்ந்த பாலாடைக்கட்டியும் வாங்கலாம். கல் மாதிரி இருக்கும்; கடிக்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் திம்பம் இறங்கும் வரை வரும். பல் ஆடுகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். த்ஸம்பா ஏற்கெனவே வறுத்ததுதான் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் போதும். அம்மா இப்போது காலையில் அதைச் சூடான பாலில் கொஞ்சம் உப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறார். தேயிலைச் சாறு வயிற்றுக்கு ஒத்துவரவில்லை என்பதால் பால். அடுத்த முறை போகும்போது அமா-லாவுக்கு நம் கேழ்வரகு மாவு ஒரு படி கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார். லோசார் முடிந்து கடை திறந்ததும் புறப்படுவதாக இருக்கிறோம்.